ஒருமடியம், இருமடியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அல்கா, பங்கசு (பூஞ்சை), பாசி (மொஸ்), பன்னம் (பேர்ண்) என்று வாழ்க்கை வட்டங்கள் தொடங்கியதும் ஒவ்வொரு வகுப்பிலும் அதே சந்தேகங்கள் வரும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை இரவில் வட்சப்பில் கேட்கும். அந்தக் கேள்விகளைப் பிள்ளைகள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் இங்கே தருகிறேன்.

வட்டத்தைப் படமாக மனனம் செய்தவர்கள், பரீட்சையில் படம் கொஞ்சம் மாறி வந்தாலே தடுமாறுகிறார்கள். எந்த உயிரியைத் தந்தாலும் இரண்டு இடங்களைத் தேடிப் பிடியுங்கள். நிறமூர்த்த எண்ணிக்கையைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவு எங்கே நடக்கிறது? எண்ணிக்கையை மாற்றாமல் கலத்தைப் பெருக்கும் இழையுருப்பிரிவு எந்தக் கலத்திலிருந்து உடலைக் கட்டுகிறது? இந்த இரண்டும் கையில் இருந்தால் மிச்சத்தை நீங்களே வரையலாம்.

ஒருமடியம், இருமடியம் எண்டால் என்ன ரீச்சர்? சுருக்கமாச் சொல்லுங்கோ.

கலத்தின் கருவுக்குள் நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், ஒரு தொகுதி மட்டும் இருந்தால் ஒருமடியம். அதே தொகுதி இரண்டு இருந்து, ஒவ்வொன்றுக்கும் சோடி இருந்தால் இருமடியம். நம்முடைய தோற்கலத்தில் 46 நிறமூர்த்தங்கள், 23 சோடிகளாக இருக்கின்றன. விந்திலும் முட்டையிலும் 23 மட்டுமே, சோடி கிடையாது. இந்த இரு நிலைகளுக்கும் இன்று உலகம் முழுவதும் வழங்கும் பெயர்களை 1905 இல் வைத்தவர் ஜெர்மனியத் தாவரவியலாளர் எட்வார்ட் ஸ்ட்ராஸ்பேர்கர்.

எண்ணிக்கை கூடவா குறைவா என்று பார்க்காதீர்கள். ஒபியோகுளோசம் என்ற பன்ன வகையின் ஓர் இனத்தில், முளைத்துப் புது உடலாகும் தனிக் கலமான ஒருமடிய வித்தியிலேயே 600க்கு மேற்பட்ட நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. இருமடியமான நமக்கோ 46 தான். தொகுதி ஒன்றா இரண்டா என்பதே கேள்வி.

ஒடுக்கற்பிரிவு நடந்தால் புணரிதானே வரும்?

விலங்குகளை மட்டும் பார்த்துப் பழகியதால் வரும் நினைப்பு இது. இந்தப் பாடத்தில் நான் திருத்தும் விடைகளில் அரைவாசிப் பிழை இங்கேதான் தொடங்குகிறது. மனிதரில் ஒடுக்கற்பிரிவின் விளைவு நேரே புணரி, அதாவது விந்து அல்லது முட்டை. பாசியிலும் பன்னத்திலும் அதே பிரிவு வித்தியைத் தருகிறது. கிளாமிடோமோனசு என்ற தனிக்கல அல்காவில், இரு புணரிகள் சேர்ந்து உண்டான நுகமே ஒடுக்கற்பிரிவுக்கு உட்பட்டு, நீந்தித் திரியும் நான்கு சாதாரணக் கலங்களாகிறது.

அப்படியானால் பாசியில் புணரி எப்படி வருகிறது? வித்தி முளைத்து ஒருமடியத் தாவரமாகிறது. அந்தத் தாவரத்தில் இழையுருப்பிரிவால் புணரிகள் உருவாகின்றன. ஏற்கெனவே ஒரு தொகுதி மட்டும் உள்ள உடலில் பாதியாக்குவதற்கு எதுவும் இல்லை. ஆகவே "புணரிகள் எப்போதும் ஒடுக்கற்பிரிவால் தோன்றும்" என்று பல்தேர்வு வினாவில் கண்டால் யோசிக்காமல் பிழை என்று அடையாளமிடுங்கள்.

அப்ப வித்திக்கும் புணரிக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஒருமடியம்தானே?

புணரி இன்னொரு புணரியோடு சேர்ந்தால்தான் அடுத்த கட்டம். வித்தி தனியாகவே முளைத்து உடலாக வளரும். செய்யும் வேலையில்தான் வித்தியாசம், நிறமூர்த்த எண்ணிக்கையில் இல்லை. உல்வா போன்ற சில அல்காக்களில் சோடி கிடைக்காத புணரி சில வேளை தனித்தே வளர்ந்துவிடுவதும் உண்டு. பொது விதியைப் படித்த பிறகு அந்த விதிவிலக்கையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று: எல்லா வித்தியும் ஒடுக்கற்பிரிவால் வருவதில்லை. பாணில் பிடிக்கும் பூஞ்சணத்தின் கறுப்புத் தூள் முழுக்க வித்திதான். ஆனால் அவை இழையுருப்பிரிவால் வந்தவை.

மொத்தம் எத்தனை வகை வாழ்க்கை வட்டம் இருக்குது?

அடிப்படையில் மூன்று. உடல் எந்த நிலையில் கட்டப்படுகிறது என்பதை வைத்துப் பிரிக்கிறோம். ஒருமடிய நிலையில் மட்டும் உடல் கட்டப்பட்டு, இருமடியம் நுகத்தோடு முடிந்துவிட்டால் முதலாம் வகை. ஸ்பைரோகைரா என்ற இழை அல்காவும் கிளாமிடோமோனசும் இதற்குள் வரும். இருமடிய நிலையில் மட்டும் உடல் இருந்து, ஒருமடியம் புணரியோடு நின்றுவிட்டால் இரண்டாம் வகை. நாமும் அப்படித்தான், கடலில் கிடக்கும் சர்காசம் என்ற கபில அல்காவும் அப்படித்தான். இரண்டு நிலையிலும் பல கலங்கள் கொண்ட உடல் இருந்தால் மூன்றாம் வகை, சந்ததிப் பரிவிருத்தி. உல்வா, பாசி, பன்னம் இதில் சேரும். நிலத்தாவரங்களில் இந்த ஒழுங்கு பொதுவாக ஓடுவதை 1851 இல் தெளிவாக எடுத்துக் காட்டியவர் ஜெர்மனியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஹொப்மைஸ்டர். ஒடுக்கற்பிரிவு என்ற ஒன்று இருப்பதே அப்போது தெரியாது. நுணுக்குக்காட்டியில் உருவங்களைப் பொறுமையாகத் தொடர்ந்து பார்த்தே அதைக் கண்டுபிடித்தார். எனக்கு மிகவும் பிடித்த விஞ்ஞானிகளில் அவர் ஒருவர்.

ஸ்பைரோகைரா ஏன் வாழ்நாள் முழுக்க ஒருமடியமா இருக்குது? நுகம் வந்தால் அதையே வளர்க்கலாமே?

தோட்டக் கிணற்றுத் தொட்டியில் பச்சைத் தலைமயிர் போல மிதப்பதைக் கொஞ்சம் எடுத்து விரலால் உருட்டிப் பாருங்கள். வழுவழுவென்று நழுவினால் அது ஸ்பைரோகைராவாக இருக்க வாய்ப்பு அதிகம். நுணுக்குக்காட்டியில் வைத்தால் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் பச்சையவுருமணி நாடா சுருளாக ஓடுவது தெரியும். இந்த இழையின் ஒவ்வொரு கலமும் ஒருமடியம். தண்ணீரும் வெயிலும் போதிய அளவு இருக்கும்வரை அது இழையுருப்பிரிவால் நீண்டு, துண்டுபட்டு, தொட்டி முழுக்கப் பரவும். இனப்பெருக்கத்துக்குத் துணையே தேவைப்படாது.

நிலைமை மோசமாகும்போது இரண்டு இழைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து, கலத்துக்குக் கலம் குழாய் விட்டு இணைகின்றன. ஓர் இழையின் கல உள்ளடக்கம் மற்ற இழைக்குள் நகர்கிறது. அந்த நேரத்தில் பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம்: ஒரு பக்க இழை வெறுமையாகத் தெரியும், மறுபக்க இழையின் கலங்களுக்குள் நீள்வட்டமான கபில உருண்டைகள் இருக்கும். அவைதான் தடித்த சுவர் கொண்ட நுகவித்திகள். வட்டம் முழுவதிலும் இருமடியம் அவை மட்டுமே.

குளமும் குட்டையும் வற்றிச் சேறு வெடித்துக் கிடக்கும் காலத்தை அந்தச் சுவர் தாங்கிக் கொள்ளும். மாரி மழை விழுந்ததும் உள்ளே ஒடுக்கற்பிரிவு நடந்து நான்கு கருக்கள் வரும். அவற்றில் மூன்று அழிய, மிஞ்சும் ஒன்று புதிய இழையாக வளரும். ஆக இங்கே நுகத்தின் வேலை கஷ்டகாலத்தைக் கடப்பதும், இரண்டு இழைகளின் பரம்பரையலகுகளை (ஜீன்களை) கலந்து புதுச் சேர்மானம் தருவதும். கிளாமிடோமோனசிலும் இதே கதைதான். அங்கே நைதரசன் குறைந்தால் கலங்கள் புணரிகளாக மாறும், நான்கு கருக்களில் எதுவும் அழிவதில்லை.

தனிக்கல உயிரி எண்டால் ஒருமடியம் எண்டு எழுதலாமா?

எழுதக் கூடாது. கடலிலும் களப்பிலும் கோடிக்கணக்கில் மிதக்கும் தயற்றங்கள் என்ற நுண் அல்காக்கள் தனிக்கலம், ஆனால் இருமடியம். அவற்றில் புணரி மட்டுமே ஒருமடியம். உடல் எளிமையானதா சிக்கலானதா என்பதை வைத்து மடியத்தை ஊகிக்க முடியாது.

உல்வாவில ரெண்டு தாவரமும் ஒரே மாதிரி எண்டுறீங்கள். அப்ப எது எதெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பக்கம் கடலோரக் கல்லில் ஒட்டியிருக்கும் இளம்பச்சைத் தாள் போன்றதைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விரல் நிழல் தெரியும். இரண்டு கலத் தடிப்புத்தான். அது வித்தித்தாவரமா புணரித்தாவரமா என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. வித்தித்தாவரத்தின் எல்லாக் கலங்களும் இருமடியம், புணரித்தாவரத்தின் எல்லாக் கலங்களும் ஒருமடியம், உருவமோ ஒன்றே.

அது வெளிவிடும் கலங்களைப் பார்த்துத்தான் சொல்லலாம். வித்தித்தாவரம் ஒடுக்கற்பிரிவால் வெளிவிடும் இயங்குவித்திக்கு நான்கு சவுக்குமுளைகள், அதாவது நீந்த உதவும் மயிர் போன்ற இழைகள். புணரித்தாவரம் இழையுருப்பிரிவால் வெளிவிடும் புணரிக்கு இரண்டு. இரண்டு புணரிகள் சேர்ந்த நுகத்துக்கும் சிறிது நேரம் நான்கு சவுக்குமுளைகள் இருக்கும் என்பதால் நுணுக்குக்காட்டியில் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது.

கரையில ஒதுங்கிற சாதாழையும் அல்காவா?

நம்முடைய கரைகளில் குவிந்து கிடக்கும் சாதாழையில் பெரும்பகுதி கடற்புல். அதற்கு உண்மையான வேரும் நரம்புள்ள இலையும் உண்டு, நீருக்கடியில் பூக்கவும் செய்யும். அது பூக்கும் தாவரம். அதன் ஒருமடியச் சந்ததி மகரந்தமணிக்குள்ளும் சூல்வித்துக்குள்ளும் சில கலங்களாகச் சுருங்கிவிட்டது. அதே குவியலுக்குள் உல்வாவும் சர்காசமும் கலந்து கிடந்தால் மூன்று உயிரிகளின் வட்டங்களை ஒரே பிடியில் அள்ளலாம்.

பாசியில நாங்கள் காணுற பச்சைப் பகுதி எது? தலையில நிக்கிற குச்சி எது?

மாரியில் மதிலில் படரும் பச்சைக் கம்பளம் புணரித்தாவரம், ஒருமடியம். அதன் உச்சியிலிருந்து எழும் காம்பும், நுனியில் வித்திகள் உண்டாகும் பெட்டியான வில்லையமும் வித்தித்தாவரம், இருமடியம். இருமடியச் சந்ததி ஒருமடியச் சந்ததியின் மேல் ஒட்டிக்கொண்டு, உணவுக்கு அதிலேயே தங்கி நிற்கிறது. பாடத்தில் நீங்கள் படிக்கும் பொகொனேற்றம் என்ற பாசி மலைநாட்டுப் பக்கத்துக்குரியது. மதிலில் நாம் காண்பவை அதைவிடச் சிறிய வேறு பாசிகள். வட்டம் ஒன்றுதான்.

கெட்டிக்காரப் பிள்ளைகளையும் விழுத்தும் ஓர் இடம் இதில் இருக்கிறது. பொகொனேற்றத்தின் இளம் வில்லையத்தின் மேல் மயிர் நிறைந்த தொப்பி ஒன்று மூடியிருக்கும். வில்லையம் இருமடியம், தொப்பியோ ஒருமடியம். அது முட்டை இருந்த உறுப்பான பழைய பெண்கலச்சனனியின் சுவரிலிருந்து வந்தது, அதாவது தாய்ப் புணரித்தாவரத்தின் துண்டு. "வித்தித்தாவரத்தின் மேல் இருப்பதால் இருமடியம்" என்று எழுதினால் புள்ளி போய்விடும்.

பன்னத்தின்ர புணரித்தாவரத்தை நான் கண்டதே இல்லை. உண்மையில அப்பிடி ஒண்டு இருக்குதா?

இருக்கிறது. கிணற்றின் உட்சுவரில் கல்லிடுக்கில் தொங்கும் பன்னத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது வித்தித்தாவரம், இருமடியம். இலையின் அடிப்பக்கத்தில் கபிலப் புள்ளிகளாக இருப்பவை வித்திக்கலன் கூட்டங்கள். உள்ளே ஒடுக்கற்பிரிவு நடந்து வித்திகள் உதிர்கின்றன. அந்தப் பன்னத்துக்குக் கீழேயோ அருகிலோ எப்போதும் ஈரமாயிருக்கும் நிழலான செங்கல், பூச்சட்டியின் வெளிப்புறம் போன்ற இடங்களைக் கைவில்லையோடு தேடுங்கள். (கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம், சட்டிகளே போதும்.) சின்ன விரல் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவான பச்சைத் தகடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் புணரித்தாவரம்.

அதைக் கவனமாகப் பெயர்த்துக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் வேர்ப்போலிகள் மயிர்போல இருக்கும். இதயத்தின் பள்ளத்தை அண்டிப் பெண்கலச்சனனிகள், வேர்ப்போலிகளின் நடுவே விந்து உண்டாகும் ஆண்கலச்சனனிகள். விந்து நீந்திப் போகத் தண்ணீர்ப் படலம் வேண்டும். அதனால்தான் இந்தத் தகடு ஈரமில்லாத இடத்தில் பயனற்றது. பாசியில் போலல்லாமல் இங்கே இரண்டு சந்ததியும் தனித்தனியே ஒளித்தொகுப்புச் செய்யும். இளம் பன்னம் தொடக்கத்தில் மட்டும் தகட்டில் தங்கியிருந்து, வேர்விட்ட பிறகு தகடு வாடிவிடும்.

பாண் பூஞ்சணம் எந்த வகை?

ஸ்பைரோகைராவின் வகை. இழைகள் ஒருமடியம். பிளஸ், மைனஸ் என்ற இரு விகாரங்கள், அதாவது ஒன்றோடொன்று இணையக்கூடிய இரு வகை இழைகள், சந்தித்தால் கறுத்த நுகவித்தி உருவாகும், ஒடுக்கற்பிரிவு அது முளைக்கும்போது நடக்கும். இந்த இரு விகார ஒழுங்கை 1904 இல் கண்டறிந்தவர் அமெரிக்கத் தாவரவியலாளர் பிளேக்ஸ்லீ.

கள்ளில இருக்கிற மதுவம் ஒருமடியமா, இருமடியமா? புத்தகத்தில ரெண்டும் போட்டிருக்கு.

இரண்டும் சரி. கள்ளைப் புளிக்க வைப்பதும், அப்ப மாவில் கள்ளு விட்டால் பொங்க வைப்பதும் சக்கரோமைசிசு என்ற மதுவம் (ஈஸ்ற்). ஒருமடியத்தில் அதற்கு 16 நிறமூர்த்தங்கள், இருமடியத்தில் 32. இரண்டு நிலையிலும் அது அரும்பி அரும்பிப் பெருகக் கூடியது. இயற்கையில் கிடைப்பவை பெரும்பாலும் இருமடியம். நைதரசனும் நொதிக்கக்கூடிய வெல்லமும் இல்லாது போனால் கலம் ஒடுக்கற்பிரிவுக்குப் போய், ஒரே உறைக்குள் நான்கு வித்திகளை உண்டாக்கும். எதிர் வகையான இரண்டு சேர்ந்தால் மறுபடி இருமடியம்.

ஆனால் மதுவம் எல்லாமே இப்படி என்று நினைக்காதீர்கள். பிளவு மதுவம் என்ற இன்னொன்று வழமையாக ஒருமடியமாகவே வாழ்கிறது. அதற்கு வெறும் 3 நிறமூர்த்தங்கள்தான். அதன் நுகம் பெரும்பாலும் உடனேயே ஒடுக்கற்பிரிவுக்குப் போய்விடும்.

காளான் கலத்துக்குள்ள ரெண்டு கரு இருக்குதெண்டால் அதை இருமடியம் எண்டு சொல்லலாம்தானே?

இல்லை. ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் தனித்தனி அடுப்பு மூட்டிச் சமைப்பது போன்றது இது. இரண்டு ஒருமடியக் கருக்கள் ஒரே கலத்துக்குள் சேராமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கலம் பிரியும்போது இரண்டும் தனித்தனியே பிரிகின்றன. மழைக்குப் பிறகு முளைக்கும் காளானின் குடையும் தண்டும் மண்ணுக்குள் பரவிய இழைகளும் இந்த இருகரு நிலையில்தான் இருக்கின்றன. இருமடியம் என்றால் இரண்டு தொகுதியும் ஒரே கருவுக்குள் இருக்க வேண்டும்.

காளானில் அது நடப்பது குடையின் அடியிலுள்ள தகடு போன்ற மடிப்புகளில், வித்தி தாங்கும் கலத்தில் மட்டும். அங்கே இரு கருக்களும் இணைந்ததும் ஒடுக்கற்பிரிவு தொடங்கி நான்கு வித்திகள் வெளியே வருகின்றன. கலங்கள் இணைவதற்கும் கருக்கள் இணைவதற்கும் இடையில் இவ்வளவு நீண்ட இடைவெளி இருப்பதுதான் இந்தப் பங்கசுகளின் விசேடம். ஸ்பைரோகைராவில் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து முடிவதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மலேரியாக் கிருமி எங்கட உடம்பில ஒருமடியமாமே, உண்மையா?

உண்மை. நம் ஈரலிலும் செங்குழியத்திலும் பெருகும் பிளாஸ்மோடியம் முழுக்க ஒருமடியம், 14 நிறமூர்த்தங்கள். நம் இரத்தத்திலுள்ள புணரித்தாய்க் கலங்களை அனோபிலிசு நுளம்பு உறிஞ்சிய பிறகு அதன் குடலில் புணரிகள் உருவாகிச் சேர்கின்றன. நுகம் உருவாகிச் சில மணி நேரத்தில் ஒடுக்கற்பிரிவு நடந்துவிடுகிறது. வட்டம் முழுவதிலும் இருமடியம் அந்தக் குறுகிய நேரம் மட்டுமே. அதனால் மனிதனை இடை விருந்துவழங்கி என்றும், நுளம்பை இறுதி விருந்துவழங்கி என்றும் சொல்கிறோம்: இலிங்கமுறை இனப்பெருக்கம் முடிவது நுளம்பில்.

இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில் அறிவித்தது. கிருமி இங்கே இல்லாவிட்டாலும் அதைக் காவும் நுளம்பு இருக்கிறது. வட்டத்தின் ஒரு பாதி நடக்கக்கூடிய உடல் நம்மைச் சுற்றிப் பறப்பதால்தான் மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வருவோருக்கு இன்னும் இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள்.

பற்றீரியாவை ஒருமடியம் எண்டு எழுதலாமா?

சில புத்தகங்கள் அப்படி எழுதுகின்றன, நான் ஊக்குவிப்பதில்லை. ஒருமடியம், இருமடியம் என்ற சொற்கள் கருக்கட்டலும் ஒடுக்கற்பிரிவும் மாறி மாறி வரும் உயிரிகளுக்கே பொருள் தருகின்றன. பற்றீரியாவில் இரண்டுமே இல்லை. வேகமாக வளரும் ஈ கோலையில் ஒரு பிரதியாக்கம் முடியுமுன்னே அடுத்தது தொடங்குவதால் சில பகுதிகள் பல பிரதிகளாகவும் இருக்கும். "ஒரு வட்ட டீஎன்ஏ மூலக்கூறு" என்று எழுதுங்கள், போதும்.

ஒருமடியம் எண்டால் பலவீனமா? அப்ப ஆண் தேனீ?

ஒருமடியத்தில் ஒரு பரம்பரையலகு பழுதானால் மறைக்க மாற்றுப் பிரதி இல்லை. இருமடியத்தில் மற்றப் பிரதி காப்பாற்றலாம். பெரிய உடலும் நீண்ட ஆயுளும் உள்ளவற்றுக்கு அது உதவி. ஆனால் ஒருமடியத்தில் நல்ல மாற்றமும் உடனே வெளிப்படும், கெட்டது உடனே கழிக்கப்படும். வேகமாகப் பெருகும் சிறு உயிரிக்கு அது இலாபம்.

ஆண் தேனீ கருக்கட்டாத முட்டையிலிருந்து வருகிறது: 16 நிறமூர்த்தங்கள். இராணிக்கும் வேலையாளுக்கும் 32. பறக்கிறது, பார்க்கிறது, பலவீனம் எதுவும் இல்லை. சோடி இல்லாததால் அதனால் வழமையான ஒடுக்கற்பிரிவு நடத்த முடியாது, எண்ணிக்கை குறையாமலே விந்து உருவாகிறது. புணரி ஒடுக்கற்பிரிவால்தான் வரும் என்ற நினைப்பு விலங்குகளிலும் உடையும் இடம் இது.

நிறமூர்த்த எண்ணிக்கைதானே உருவத்தைத் தீர்மானிக்குது? ஒருமடியமெண்டால் தகடு, இருமடியமெண்டால் பன்னம்?

உல்வாவை நினைத்தால் பதில் பாதி வந்துவிடும்: எண்ணிக்கை வேறு, உருவம் ஒன்று. பன்னத்திலேயே இதற்கு நேர்ச் சான்று இருக்கிறது. 1874 இல் பாலோ என்ற தாவரவியலாளர், ஒரு பன்னத்தின் இதயத் தகட்டிலிருந்து கருக்கட்டலே நடக்காமல் இளம் பன்னம் முளைப்பதைக் கண்டார். மறுதலையாக, வித்தியே இல்லாமல் பன்ன இலையின் கலங்களிலிருந்து நேரே தகடு வளர்வதும் உண்டு, அந்தத் தகடு இருமடியம். எந்தப் பரம்பரையலகுகள் இயங்குகின்றன, கலம் எந்தச் சூழலில் இருக்கிறது என்பவையே உருவத்தை முடிவு செய்கின்றன.

கஞ்சிப்பாசியில மூண்டு சந்ததி எண்டு போட்டிருக்கு. ரெண்டு மடியத்துக்கு எப்பிடி மூண்டு சந்ததி?

கஞ்சிப்பாசி என்பது கிரசிலேரியா என்ற சிவப்பு அல்கா. ஏகார் என்ற கூழ்ப்பொருளை எடுப்பது இதிலிருந்தும்தான். ஒருமடியத்தில் ஓர் உடல், இருமடியத்தில் இரண்டு உடல். பெண் தாவரத்தின் மேலேயே நுகம் ஒரு சிறு கட்டியாக வளர்கிறது, நன்றாகப் பார்த்தால் இழையில் பரு போலத் தெரியும். அதற்குள் இழையுருப்பிரிவால் ஏராளம் இருமடிய வித்திகள் உருவாகி வெளியேறும். ஒவ்வொன்றும் இன்னொரு முழுத் தாவரமாகிறது. பார்க்கப் புணரித்தாவரம் போலவே இருக்கும், ஆனால் இருமடியம். அதில்தான் ஒடுக்கற்பிரிவு நடந்து நான்கு நான்காக ஒருமடிய வித்திகள் வருகின்றன.

ஏன் இத்தனை சுற்று? சிவப்பு அல்காக்களின் ஆண்புணரிக்குச் சவுக்குமுளை இல்லை, நீந்தாது. நீரோட்டம் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் கருக்கட்டல். அப்படி அரிதாகக் கிடைத்த ஒரு நுகத்திலிருந்து பல தாவரங்களை எடுக்கும் வழியே அந்தப் பரு என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பரீட்சையில் இதன் படம் வந்தால் பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒடுக்கற்பிரிவு நடக்கும் கலத்தில் விரலை வைத்து, அங்கிருந்து அடுத்த கருக்கட்டல் வரை ஒருமடியம் என்றும், அதிலிருந்து திரும்ப ஒடுக்கற்பிரிவு வரை இருமடியம் என்றும் கோடு போடுங்கள். பரு எந்தப் பக்கம் விழுகிறது என்று உடனே தெரியும்.